எட்டாம் காம்பராவில் ஒரு மவுத்து

"வலப்பக்கத்துலேர்ந்து ஊத்துங்க அக்கா" என்றாள் ஸைனப்.

செம்பைச் சாய்க்கப் போன பூவம்மா கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"நான் ஊத்தலாமா புள்ள? ஒங்க சாமிக்குக் குத்தமாயிடாதே?"

ஸைனப்புக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் நாலைந்து மைலுக்குள் ஆள் இல்லை. வாசலில் இரண்டு பழைய சேலைகளைக் கயிற்றில் போட்டு மறைத்திருந்தார்கள். வெளியே கச்சான் காற்று தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வரிசைவீடான அந்த லயத்தின் கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. செங்கல்களின் மேல் வைத்த பலகையில் அவளுடைய புருஷன் ஜுனைதீன் கிடந்தார். விடியற்காலையில் பாங்கு சொல்லும் நேரத்தில் மூச்சு நின்றது. பாங்கு சொல்லத்தான் இங்கே யாரும் இல்லை.

"ஊத்துங்க" என்றாள்.

தண்ணீர் விழுந்தது. தொப்புளிலிருந்து முழங்கால் வரை போர்த்தியிருந்த துணிக்கு அடியில் கையை விட்டு அவள் கழுவினாள். தோளைக் கழுவினாள். கழுத்தோரம் இருந்த மச்சத்தைக் கழுவினாள். எட்டு வருஷம் குடும்பம் நடத்திய உடம்புதான், என்றாலும் இவ்வளவு வெளிச்சத்தில் அதைப் பார்த்ததில்லை. கடைசியாக இடது காலுக்கு வந்தாள். உள்ளங்காலில் சுற்றியிருந்த துணி சதையோடு ஒட்டிப்போயிருந்தது. நனைத்து நனைத்துப் பிரித்தாள். பூவம்மா முகத்தைத் திருப்பவில்லை. முந்தானையால் மூக்கைக்கூட மூடவில்லை.

"கடைசித் தண்ணியில கற்பூரம் போடணும். இல்லாட்டியும் பரவாயில்ல."

பூவம்மா எழுந்து போய், சாமி படத்துக்குக் கீழே இருந்த தகர டப்பாவைத் திறந்து இரண்டு வில்லைகளை எடுத்து வந்தாள்.

"சாமிக்கு ஏத்த வச்சிருந்தது. ஆகுமா?"

"கற்பூரம் கற்பூரந்தானே அக்கா."

பூவம்மா அவற்றை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தண்ணீரில் தூவினாள்.

மடுல்சீமையின் அந்தத் தோட்டத்துக்கு ஜுனைதீன் புதிய ஆள் அல்ல. கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம் தோளில் துணிமூட்டை சுமந்து இந்த லயங்களில் சேலை விற்றவர். 'பொட்டணி நானா' என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். பிறகு கம்பளைப் பக்கம் போய், ஸைனப்பைக் கட்டி, அவளுடைய ஊர்க் கடைவீதியில் கண்ணாடி அலுமாரி வைத்து ஒரு துணிக்கடை போட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் வருஷம் வைகாசியில், கண்டியில் ஆரம்பித்த கலவரம் இரண்டே நாளில் அந்தக் கடைவீதிக்கும் வந்தது. முஸ்லிம் கடைகளாகப் பார்த்துக் கொளுத்தினார்கள். பின்கதவால் வெளியேறி ஓடும்போது, உடைந்து கிடந்த தன் சொந்த அலுமாரியின் கண்ணாடித் துண்டு ஒன்றைத்தான் ஜுனைதீன் மிதித்தார். அவரை யாரும் அடிக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பொடிமெனிக்கா, சிங்களத்தி, தன் குசினியில் விறகுக்குப் பின்னால் அவர்களை இரண்டு நாள் மறைத்து வைத்தாள். மூன்றாம் நாள் அவளுடைய தம்பி முன்னே நடந்து ரயில்வரை கொண்டுபோய் விட்டான். தண்டவாளம் பண்டாரவளையோடு முடிந்தது. அங்கே இறங்கியதும் ஸைனப் கேட்டாள், "பதுளைக்குப் போவோமா? நம்ம ஆளுங்க இருப்பாங்களே?"

"கடைவீதியே வேணாம் புள்ள. கொளுத்துறதுக்குக் கடை இல்லாத எடமாப் பாத்துப் போவோம்."

நான்கு நாள் நடந்தார்கள். பதுளையையும் பசறையையும் பகலில் சுற்றிப்போனார்கள். இந்த லயத்துக்கு வந்து சேர்ந்தபோது ஜுனைதீன் காலை இழுத்துக்கொண்டிருந்தார். அழகர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவன் இருபது ஆட்களை வைத்து வேலை வாங்கும் சில்லறைக் கங்காணி. பூவம்மா அவன் பெண்சாதி. அவர்களுக்கு இருந்தது அடுப்பும் படுக்கையும் ஒன்றாகக் கிடக்கும் ஒரே அறை, எட்டாம் காம்பரா. அதை விட்டுவிட்டு, அவர்கள் பக்கத்துக் காம்பராவில் இன்னொரு குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டார்கள்.

பட்டாளச் சட்டம் வந்த பிறகு, லயத்தில் வெளியாள் எவரையும் வைக்கக்கூடாது, வைத்தவனுக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று தோட்டத்துத் துரை காலைப் பெரட்டில், ஆட்களைப் பேர் பதியும் நேரத்தில், சொல்லியிருந்தார். அழகரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தான்.

கால் கறுக்கத் தொடங்கியதும் ஸைனப் கெஞ்சினாள்.

"தோட்டத்து மருந்தையாவைக் கூப்பிடச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"மருந்தையா வந்தா மொதல்ல பேரைக் கேப்பாரு. பேரைச் சொன்னா அழகரைத் தொரத்திருவாங்க. கால்தானே? போனாப் போகட்டும்."

அவள் மறுபடி கேட்கவில்லை. அழகர் இரண்டு தடவை கூப்பிடப் புறப்பட்டான். இரண்டு தடவையும் ஜுனைதீன் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். வந்த ஆறாம் நாள் காய்ச்சல் தலைக்கேறியபோது, சேலை விலையைக் கூவுவதுபோல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பூவம்மா இரண்டு வேட்டிகளைக் கொண்டுவந்தாள். ஒன்று அழகருடையது, போன தீபாவளிக்கு எடுத்து உடுத்தாமல் வைத்தது. மற்றது மூன்றாம் காம்பராவிலிருந்து வந்தது. இரண்டிலும் சிவப்புக் கரை இருந்தது. ஸைனப் நுனியைப் பல்லால் கடித்துக் கரையை நீளமாகக் கிழித்தெடுத்தாள். கை நிறையத் துணி அளந்த மனுஷன். அவருக்குச் சுற்ற இரவல் துணி. நினைப்பு அதற்குமேல் போகாதபடி இரண்டாவது கரையையும் சர்ரென்று கிழித்தாள்.

சுற்றி முடிக்கும் சமயத்தில் வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்துகொண்டார்கள். பூவம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சேலையை விலக்கி வெளியே போனாள்.

"எங்க அழகர்?"

கணக்கப்பிள்ளை எட்வர்டின் குரல். ஆட்களைப் பேர் பதிந்து வேலைக்கு அனுப்புகிறவர் அவர். ஸைனப் இதுவரை அவரைப் பார்த்ததில்லை. காலையில் பெரட்டுக் களத்திலிருந்து வரும் குரலை மட்டும் கேட்டிருக்கிறாள்.

"பசறைக்குப் போயிருக்காருங்க ஐயா."

"யாரைக் கேட்டுப் போனான்? ரோட்டுல பாஸ் இல்லாம ஒருத்தன் நடக்கக்கூடாதுன்னு தெரியாதா? அங்க ரெண்டு பேரு மேட்டுல குழி வெட்டிக்கிட்டு இருக்கானுங்க. யாரு செத்தது?"

பூவம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் மொறைங்க. ஊர்லேர்ந்து வந்தவுக. காய்ச்சல்ல போயிட்டாக."

"பேரு?"

"கருப்பையாங்க."

லயம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டும் சத்தம் சேலைக்கு இந்தப்புறம் வந்தது.

ஸைனப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அதைமட்டும் இன்னும் மூடவில்லை. பூவம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெயர் எழுதப்பட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். அழகருக்கு வேலை இருக்கும். தன்னையும் ஒரு மாரியாயி என்றோ முத்தாயி என்றோ சொல்லிக்கொண்டு நாளைத் தள்ளிவிடலாம். ஆனால் ஆறு நாளாகப் பேரைச் சொல்லாமல் இருந்ததில்தான் இந்தக் கால் இப்படிக் கறுத்தது. இப்போது மண்ணுக்குள் போகும்போதும் அந்தப் பேர் அவரோடு வராதா?

"ஜுனைதீன்" என்றாள்.

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"யாரு பேசுறது?" என்றார் எட்வர்ட்.

"அவங்க பொஞ்சாதி. ஸைனப். கம்பளைப் பக்கம். அவங்க பேரு கருப்பையா இல்லைங்க. ஜுனைதீன். அழகரண்ணன் பேருல குத்தம் இல்ல. நாங்கதான் வந்து வுழுந்தோம்."

"புள்ள..." என்றாள் பூவம்மா மெதுவாக.

காற்று சேலையை உள்ளே தள்ளியது. ஸைனப் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். துணிக்கு அடியில் எட்வர்டின் பூட்ஸ் தெரிந்தது. செம்மண் படிந்த பூட்ஸ். அது நகரவில்லை.

"ஜூனை... எப்படி எழுதணும்? குறிலா நெடிலா?"

"குறில்."

"தகப்பன் பேரு?"

"இஸ்மாயில்."

"என்ன சீக்கு?"

"கால்ல கண்ணாடி குத்தினது."

"எப்ப?"

"கடையைக் கொளுத்துன அன்னைக்கு."

பென்சில் நின்றது.

"இத்தனை நாளாவா? மருந்தையாகிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?"

அவர் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கடைசியில் சீக்குக்கு நேரே என்ன எழுதினாரோ, அது மட்டும் இங்கிலீஷில் இருந்தது. பூவம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

"துரைகிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்" என்றார். "மறைச்சா எனக்கும் இங்க வேலை இல்ல. பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணிருங்க. குழியை ஆழமா வெட்டச் சொல்லு, நரி தோண்டும்."

பூட்ஸ் சத்தம் தேய்ந்து போனது. பூவம்மா உள்ளே வந்தாள். கோபிப்பாள் என்று ஸைனப் தலையைக் குனிந்துகொண்டாள். பூவம்மா கீழே கிடந்த செம்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க அக்கா."

"கருப்பையாங்கிறது எங்க வீட்டுல பொறந்து செத்த புள்ள பேரு" என்றாள் பூவம்மா. "வாயில அதுதான் வந்துச்சு."

வெயில் இறங்கத் தொடங்கும்போது அழகர் வந்து சேர்ந்தான். ரோட்டைத் தொடாமல் தேயிலை மலைகளுக்குள்ளேயே நடந்திருந்தான். முழங்காலுக்குக் கீழே கீறல் கீறலாக இருந்தது. அவனோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பசறையில் கடை வைத்திருக்கும் றவூப், மற்றவர் அவருடைய மச்சான். றவூப் பருத்த மனிதர். ஏறி வந்ததில் பேச்சு வரவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு சட்டித் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சேலைக்கு வெளியிலிருந்து சலாம் சொன்னார்.

"கபன் துணி கொண்டாந்திருக்கேன் தங்கச்சி. குளிப்பாட்டணுமே, என்ன செஞ்சீங்க?"

"குளிப்பாட்டிட்டேன் நானா. கபனும் இட்டாச்சு."

"தனியாவா?"

"தண்ணி ஊத்த ஆள் இருந்தாங்க."

றவூப் பூவம்மாவைப் பார்த்தார். அவளுடைய சேலையின் அடிப்பகுதி இன்னும் ஈரமாக இருந்தது.

"அல்லாஹ் ஏத்துக்குவான்" என்றார். கொண்டுவந்த வெள்ளைத் துணியைச் சேலைக்கு அடியில் உள்ளே நகர்த்தினார். "அப்ப இது ஒங்களுக்கு இருக்கட்டும். புருஷன் போனதுக்கு இத்தா இருக்கறப்ப வெள்ளை உடுக்கணுமே."

அவர்கள் உள்ளே வந்து தூக்கும் நேரத்தில் ஸைனப் அடுப்போரம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பலகை செங்கல்லை விட்டு எழும் சத்தம் கேட்டது. யாரோ "பாத்து, பாத்து, நெலை இடிக்கும்" என்றார்கள். லயத்து ஆண்கள் நான்கு பேர்தான் தூக்கினார்கள். றவூப் முன்னால் கலிமா சொல்லிக்கொண்டு போக, அதைத் திருப்பிச் சொல்ல அவருடைய மச்சான் ஒருவர்தான் இருந்தார். மேடு ஏறுமட்டும் அந்த இரண்டு குரல்களும் காற்றில் அறுந்து அறுந்து வந்தன. அப்புறம் அதுவும் இல்லை.

அறை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. தரையில் தேங்கிய தண்ணீரை அவள் துணியால் ஒற்றி எடுத்தாள். ஒற்றிப் பிழிந்து, மறுபடி ஒற்றினாள். தரை எப்போதோ காய்ந்துவிட்டதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் அழகர் பூவம்மாவிடம் சொல்வது கேட்டது. "தலையை வடக்க வச்சு, மொகத்தை மேக்க திருப்பி வச்சோம். அவரு தொழுவுறப்ப நாங்க பின்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னோம். அது போதும்னுட்டாரு."

றவூப் இருட்டுவதற்குள் பசறை போயாக வேண்டும். சேலைக்கு வெளியே நின்றபடி சொன்னார்.

"ஒங்களைக் கையோட கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன் தங்கச்சி. வீட்டுல பொம்பளைங்க இருக்காங்க. லயத்துல எப்படி இருப்பீங்க, இத்தா நாலு மாசம் பத்து நாளும்?"

"பசறை எப்படி இருக்கு நானா?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"இன்னைய வரைக்கும் ஒண்ணும் இல்ல. கடையைத் தொறக்கல. கீழேர்ந்து ஆளுங்க வரப்போறாங்கன்னு தெனம் ஒரு பேச்சு. சாமானெல்லாம் கட்டித்தான் வச்சிருக்கோம், பதுளைக்குப் போக. அங்க பள்ளிவாசல்ல நாலஞ்சு குடும்பம் வந்து தங்கியிருக்காங்களாம், சாக்கு மறைச்சு. அங்க போய்ப் பேர் பதிஞ்சா நாளைக்கு நமக்கு ஆன நட்டத்தைச் சொல்லிக் கேக்கலாம்கிறாங்க. கேட்டாக் கெடைக்குமா, தெரியாது."

"அப்ப, இன்னைக்கு ஒங்க வீட்டுக்கு வந்தா நாளைக்கு எங்க?"

அவருடைய மச்சான் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது.

"மவுத்தான வீட்டுலதானே நானா இத்தா இருக்கணும்?"

"அதுதான் சட்டம். ஆனா பயம் இருந்தா வேற எடத்துக்கு மாறிக்கலாம். அதுக்குத் தடையில்ல."

ஸைனப் யோசித்தாள். வந்த வழியெல்லாம் நினைவுக்கு வந்தது. விறகுக்குப் பின்னால் தும்மலை அடக்கிக்கொண்டு கிடந்தது, ரயிலில் முக்காட்டைக் கன்னம்வரை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தது, ஒவ்வொரு வளைவிலும் யாராவது வருகிறார்களா என்று அவர் முதலில் போய்ப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டியது.

"இங்க எனக்குப் பயம் இல்ல நானா" என்றாள்.

பூவம்மா சுவரோரம் நின்றிருந்தாள். அவள் சட்டென்று, அடுப்பு அணைந்துவிடும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள்.

றவூப் துஆ ஓதிவிட்டு இறங்கிப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் சத்தம் மறுபடி வந்தது. இந்தத் தடவை எட்வர்ட் இஸ்தோப்பில் ஏறவில்லை. கீழே முற்றத்தில் நின்றே அழகரைக் கூப்பிட்டார்.

"துரைகிட்ட சொல்லிட்டேன். முழுசாச் சொல்லிட்டேன்."

"சரிங்கய்யா."

"பத்து நாள் கொடுத்திருக்காரு. அதுக்குள்ள ரோட்டுல போக்குவரத்து விட்டுருவாங்க. தோட்டத்து வண்டியில ஏத்திப் பதுளைக்கு அனுப்பச் சொல்றாரு. தொணைக்கு ஒன் பொஞ்சாதி போகலாம், பாஸ் வாங்கித் தரேன்."

"அவுகளுக்கு நாலு மாசமுங்கய்யா, ஒரே வீட்டுல..."

"நானும் சொன்னேன் அழகர். பத்து நாள்ல ஆரம்பிச்சு பத்து நாள்லயே முடிச்சுட்டாரு. அதுக்கு மேல என்னால பேச முடியல. ஒன்னைத் தொரத்தல. ஆனா கங்காணி வேலை இல்ல. நாளையிலேர்ந்து மம்பட்டி எடுத்துக்க, ஆறாம் நம்பர் மலைக்கு."

"மம்பட்டி எனக்குப் புதுசாங்கய்யா?" என்றான் அழகர். சிரித்தமாதிரி சொன்னான். எட்வர்ட் சிரிக்கவில்லை.

ஸைனப் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வாயால் சொன்ன ஒரு பெயருக்கு அழகர் கொடுக்கும் விலை அது. அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று தோன்றுகிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றுதான் வந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பூவம்மா ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, அண்ணனுக்கு என்னால..."

"கஞ்சி ஆறுது" என்றாள் பூவம்மா. "இந்த இத்தாங்கிறீங்களே, அது எப்படி? பொம்பளைங்க உள்ள வரலாமா?"

"பொம்பளைங்க வரலாம்."

"ஆம்பளைங்க?"

"சொந்தம் தவிர யாரும் பாக்கக்கூடாது. குரலைக் கேட்டாத் தப்பில்ல. நான் வெளிய வரக்கூடாது. அவ்வளவுதான்."

பூவம்மா கேட்டுக்கொண்டாள். அவள் வெளியே போய்ப் பக்கத்துக் காம்பராவில் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது சுவர் வழியே வந்தது. சொற்கள் புரியவில்லை. அந்தப் பேச்சு ஒரு காம்பராவிலிருந்து அடுத்ததற்குத் தாண்டிப்போவதுபோல் இருந்தது. கேட்டுக்கொண்டே கண் அயர்ந்தாள்.

விடியுமுன் தப்பு மேளச் சத்தத்தில் விழித்தாள். பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு. எழுந்து, இருந்த தண்ணீரில் கை முகம் கழுவி ஒலுச் செய்து, புது வெள்ளைத் துணியை உடுத்தித் தொழுதாள். கதவுக்குப் பதிலாகச் சேலைகள்தான் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. இனி ஆட்கள் வாசல் வழியாகப் போகும் நேரம். லயத்துக்கு முன்னால் இருந்த ஒரே ஒற்றையடிப் பாதைதான் பெரட்டுக் களத்துக்குப் போவது. கடைசிக் காம்பராக்காரர்கள்வரை எல்லாரும் எட்டாம் காம்பராவின் வாசலை உரசிக்கொண்டு, இருமிக்கொண்டும் வெற்றிலை துப்பிக்கொண்டும் போவார்கள். அவள் எழுந்து அறையின் இருட்டான மூலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

கூடையோடு பெண்கள் போனார்கள். ஒவ்வொருத்தியாகப் போனார்கள். பிறகு பாதை வெறுமையாகக் கிடந்தது. ஓர் ஆண் குரலும் வரவில்லை.

அவளுடைய முதுகுக்குப் பின்னால், பின்சுவருக்கு அந்தப்பக்கம், சரளைக்கல் உருண்டது. அங்கே பாதை இல்லை. மழைநீர் ஓடும் கானும், அதை ஒட்டி முள்ளும், மேலே செங்குத்தான கரையும்தான். யாரோ காலை ஊன்றி ஏறினார்கள். பின்னால் இன்னொருவர். மம்பட்டி ஒன்று கல்லில் பட்டு ஓசை எழும்பியது. "மெதுவா" என்று ஓர் ஆண் குரல் அதட்டியது. மறுபடி காலடிகள், ஒன்றன்பின் ஒன்றாக, கையால் கரையைப் பற்றிக்கொண்டு, லயத்தைச் சுற்றி ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

ஸைனப் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கடைசிக் காலடி கடந்து போகுமட்டும் அப்படியே இருந்தாள்.